உரோமைக்கு இரு நண்பர்கள் சுமந்து சென்ற விண்ணப்பம்



நம் பங்கிலிருந்து ஒருவர் உரோமைக்குத் திருப்பயணம் போகிறார் என்றால் அந்தச் செய்தி ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலிலேயே பரவிவிடுகிறது. விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும் இதுதான் வழக்கம். "போய் வாங்க, எங்க வீட்டுக்காகவும் வேண்டிக்குங்க" என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். "மகளுக்கு இன்னும் வரன் அமையல, புனித பேதுரு கல்லறையில ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்கிறார் இன்னொரு அம்மா. ஒரு செபமாலை வாங்கி வரச் சொல்பவர்களும் உண்டு. மடித்த தாளில் நோயாளியின் பெயரை எழுதிச் சட்டைப் பையில் வைத்து அனுப்புபவர்களும் உண்டு.

2025ஆம் ஆண்டு யூபிலி ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2024 டிசம்பர் 24 அன்று புனித பேதுரு பெருங்கோவிலின் புனிதக் கதவைத் திறந்தார். 2025 ஏப்ரல் 21 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, 2026 சனவரி 6 அன்று அதே கதவை மூடினார். 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்பதே அந்த ஆண்டின் மையக்கருத்து. உலகெங்கிலுமிருந்து திருப்பயணிகள் அந்தக் கதவு வழியாக நடந்தார்கள்.

நம்மில் முதல்முறை வெளிநாடு செல்பவர் பெரும்பாலும் தனியாகப் போவதில்லை. மொழி தெரியாது, குளிர் பழக்கமில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமோ என்ற கவலை வேறு. ஆகவே, "நீ வந்தால் நானும் வருகிறேன்" என்று ஒரு நண்பரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறோம். இது பயத்தினால் மட்டும் வருவதல்ல. ஆண்டவர் இயேசுவே சீடர்களை இருவர் இருவராகத்தான் அனுப்பினார் என்று மாற்கு நற்செய்தி (6:7) கூறுகிறது.

திரும்பி வந்தவரிடம் நாம் என்ன கேட்கிறோம்? "என்ன பார்த்தீங்க? போட்டோ காட்டுங்க" என்கிறோம். "யாருடைய விண்ணப்பத்தைச் சுமந்து போனீங்க? அது என்ன ஆயிற்று?" என்று கேட்பது அரிது. இந்தக் கேள்வியை நமக்குள் எழுப்பக்கூடிய ஒரு பழைய பயணத்தை இங்கே நினைத்துப் பார்ப்போம். நம் நாட்டிலிருந்து உரோமைக்குச் சென்ற இரு நண்பர்களின் பயணம் அது.

புறப்பட்டவர்கள் யார்?

ஒருவர் காரியாட்டில் யோசேப்பு மல்பான். இன்னொருவர் பாறேம்மாக்கல் தோமா கத்தனார். இருவரும் கேரளத்தின் புனித தோமையார் கிறிஸ்தவ மரபில் வந்த குருக்கள். அந்த மரபில் குருவானவரைக் 'கத்தனார்' என்றும், குருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியரை 'மல்பான்' என்றும் அழைப்பார்கள். அவர்களுடைய வழிபாட்டு மொழி சிரியாக்.

பாறேம்மாக்கல் 1736ஆம் ஆண்டிலும் காரியாட்டில் 1742ஆம் ஆண்டிலும் பிறந்தவர்கள். வயதில் இளையவரான காரியாட்டில் சிறுவயதிலேயே உரோமைக்கு அனுப்பப்பட்டு, மறைபரப்புப் பேராயத்தின் உர்பன் கல்லூரியில் படித்துக் குருவானவர். பின்பு ஊர் திரும்பி ஆலங்காட்டுக் குருமடத்தில் பாடம் நடத்தினார். மூத்தவரான பாறேம்மாக்கலோ ஐரோப்பாவைப் பார்த்ததே இல்லை. ஒருவருக்கு உரோமை பழகிய நகரம். மற்றவருக்கு அது முதல் பயணம்.

ஏன் போனார்கள்?

இதைப் புரிந்துகொள்ள அன்றைய நிலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கேரளத்தின் சிரியாக் மரபுக் கிறிஸ்தவர்களைப் போர்த்துக்கீசிய அதிகாரிகளும் மிஷனரிகளும் நடத்திய விதம் அவர்கள் மனத்தைப் புண்படுத்தியது. 1653ஆம் ஆண்டு மட்டாஞ்சேரியில் அவர்களில் பெருந்திரளானோர் கூடி, இனி அந்த ஆயர்களுக்குக் கீழ்ப்படிவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். இதைக் கூனன் சிலுவைச் சத்தியம் என்பார்கள். அதன் விளைவாக ஒரே குடும்பமாக இருந்த சமூகம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி உரோமையோடு ஒன்றிப்பில் தொடர்ந்தது. மறு பகுதி தனித் தலைவரின்கீழ் சென்றது. அண்ணன் ஒரு கோவிலிலும் தம்பி வேறொரு கோவிலிலும் நின்றார்கள்.

நூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின், பிரிந்திருந்த பகுதியின் தலைவரான ஆறாம் மார் தோமா மீண்டும் ஒன்றிப்புக்கு வர விரும்பினார். ஆனால் இங்கிருந்த மிஷனரிகள் வழியாக அது கைகூடவில்லை. 'நேரில் போய்ச் சொன்னால்தான் வழி பிறக்கும்' என்று சிரியாக் கத்தோலிக்க மக்கள் கருதினார்கள். பிரிந்தவர்களை ஏற்றுக்கொள்ள வேண்டும், நம் மொழியும் மரபும் அறிந்த ஒருவர் நமக்கு ஆயராக வேண்டும் என்பவையே அவர்களுடைய வேண்டுதல்கள். இந்த இரண்டையும் சுமந்துகொண்டுதான் நண்பர்கள் இருவரும் புறப்பட்டார்கள். அவர்களை அனுப்பியது அரசர் அல்ல, தலத்திருச்சபைகளின் மக்கள்.

எப்படிப் போனார்கள்?

1778ஆம் ஆண்டு அதிரம்புழையிலிருந்து படகில் அவர்கள் பயணம் தொடங்கியது. மதராஸ் பட்டினம் வந்து கப்பலேற வேண்டும். இன்று விழுப்புரத்தில் தொடர்வண்டி ஏறினால் சில மணி நேரத்தில் சென்னை. திண்டிவனத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து ஏறினால் மீனம்பாக்கம் விமான நிலையம் வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். அன்று இரயில் இல்லை. விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே இரயில் ஓடியதே அதற்கு நூறாண்டுகள் கழித்து, 1879இல்தான்.

அதுவுமன்றி, அது போர்க்காலம். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் மூண்ட சண்டையில் 1778 ஆகஸ்டில் புதுச்சேரிக் கோட்டை முற்றுகையிடப்பட்டு, அக்டோபரில் ஆங்கிலேயர் வசமானது. நம் தென்னார்க்காட்டுப் பகுதி முழுவதும் அந்தச் சண்டையின் நிழலில் இருந்த மாதங்கள் அவை. அந்த ஆண்டின் இறுதியில்தான் நண்பர்கள் மதராசில் கப்பலேறினார்கள்.

கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, அட்லாண்டிக் கடலில் வெகுதூரம் மேற்கே சென்று, பிரேசில் நாட்டுக் கரையைத் தொட்டது. அங்கிருந்துதான் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகருக்குச் சென்றார்கள். பின்பு இத்தாலி. உரோமையை அடைந்தபோது 1780 சனவரி. புறப்பட்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

உரோமையில் என்ன நடந்தது?

முதல்முறை உரோமையைக் காணும் எவரும் வியந்துதான் நிற்பார்கள். புனித பேதுரு சதுக்கத்தைச் சுற்றி பெர்னினி எழுப்பிய 284 தூண்கள், நம்மை அணைக்க நீட்டிய இரு கைகள் போல நிற்கின்றன. அவற்றின்மேல் 140 புனிதர்களின் சிலைகள். நடுவே, எகிப்திலிருந்து வந்து 1586ஆம் ஆண்டு அங்கே நிறுத்தப்பட்ட கல்தூண். நண்பர்கள் இருவரும் கண்டதும் இதே சதுக்கம்தான்.

இன்று உரோமை செல்லும் நம்மவர் 'ஸ்பானியச் சதுக்கம்' என்ற இடத்துக்கும் போவார்கள். அங்குள்ள படிக்கட்டில் அமர்வதற்குக்கூட இப்போது தடை இருக்கிறது. அந்தச் சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு பெரிய பழைய கட்டடம் உண்டு. பலர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். 1622ஆம் ஆண்டு திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நிறுவிய மறைபரப்புப் பேராயத்தின் மாளிகை அது. காரியாட்டில் படித்த உர்பன் கல்லூரி அன்று அங்கேதான் இருந்தது. 1926இல் அது வத்திக்கானுக்கு அருகிலுள்ள சனிகுலும் குன்றுக்கு மாறியது. அந்த மாளிகைக்குள் இருக்கும் சிற்றாலயம் கீழ்த்திசையிலிருந்து வந்த மூன்று ஞானிகளின் பெயரைத் தாங்கியது. கீழ்த்திசையிலிருந்து வந்த நம் நண்பர்களும் தங்கள் காணிக்கையாக மக்களின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்திருந்தார்கள்.

ஆனால் அவர்கள் எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. மிஷனரிகளைப் பற்றி முறையிட வந்தவர்களைப் பேராய அதிகாரிகள் ஐயத்தோடு பார்த்தார்கள். அப்போது திருத்தந்தையாக இருந்தவர் ஆறாம் பயஸ். அவரைச் சந்தித்து விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தார்கள். ஆயினும் முடிவு உடனே வரவில்லை. பல மாதங்கள் காத்திருந்த பின் மீண்டும் லிஸ்பனுக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

ஏன் லிஸ்பன்? இங்கே ஒரு விளக்கம் தேவை. அந்நாளில் கீழ்த்திசை நாடுகளின் சில மறைமாவட்டங்களுக்கு ஆயரைப் பரிந்துரைக்கும் உரிமையைத் திருத்தந்தையர் போர்த்துக்கல் அரசருக்கு அளித்திருந்தார்கள். இதைப் பதுரவாதோ உரிமை என்பார்கள். கொடுங்கல்லூர் உயர்மறைமாவட்டம் அந்த உரிமையின்கீழ் இருந்தது. ஆகவே ஒரு வாசலில் முடியாத காரியத்துக்காக இன்னொரு வாசலில் போய் நின்றார்கள்.

காத்திருந்தது வீண்போகவில்லை. போர்த்துக்கல் அரசி முதலாம் மரியா, காரியாட்டில் யோசேப்பையே கொடுங்கல்லூர்ப் பேராயராகப் பரிந்துரைத்தார். 1783ஆம் ஆண்டு லிஸ்பனில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கொடுங்கல்லூர்ப் பேராயர் ஆசனத்துக்கு நியமிக்கப்பட்ட முதல் மண்ணின் மைந்தர் அவரே. மார் தோமாவை ஒன்றிப்பில் ஏற்கும் அதிகாரமும் அவருக்குக் கிடைத்தது. மக்கள் கேட்டனுப்பிய இரண்டுமே கைக்கு வந்துவிட்டன!

ஒருவர் மட்டும் ஊர் திரும்பினார்

1785ஆம் ஆண்டு லிஸ்பனிலிருந்து புறப்பட்டு, 1786 மே மாதம் கோவாவை அடைந்தார்கள். கேரளம் அருகிலேயே இருந்தது. எட்டு ஆண்டுகளாகக் காத்திருந்த மக்களை இனிக் கண்டுவிடலாம். ஆனால் கோவாவிலேயே பேராயர் காரியாட்டில் நோயுற்று, அவ்வாண்டு செப்டம்பரில் இறந்துபோனார். அவருக்கு வயது 44.

நம் வீட்டில் நடந்தது போல இதை எண்ணிப் பாருங்கள். வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் உழைத்த அண்ணன், ஊருக்கு வரும் வழியில் இறந்துவிட்டான் என்று செய்தி வந்தால் அந்த வீடு என்ன ஆகும்? விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களுக்கு அந்த வேதனை புதிதல்ல.

இறக்கும் முன் பேராயர் காரியாட்டில், அரசி தமக்கு அளித்த சிலுவையையும் சங்கிலியையும் மோதிரத்தையும் நண்பரின் கையில் கொடுத்து, மறைமாவட்டத்தை நிர்வகிக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தார். பாறேம்மாக்கல் தனியாக ஊர் திரும்பினார். நண்பரை வரவேற்கக் காத்திருந்த மக்களிடம் அவருடைய மோதிரத்தைத்தான் அவரால் காட்ட முடிந்தது.

அவர் மனமுடைந்து ஒதுங்கிவிடவில்லை. 1799ஆம் ஆண்டு இறக்கும் வரை ஏறத்தாழ 13 ஆண்டுகள் கொடுங்கல்லூர் மறைமாவட்டத்தின் நிர்வாகியாக இருந்தார். 1787இல் அங்கமாலியில் கூடிய தலத்திருச்சபைகளின் பிரதிநிதிகள், தங்கள் மண்ணைச் சேர்ந்த ஒருவரே ஆயராக வேண்டும் என்று எழுத்தில் பதிவு செய்தார்கள். தாம் பட்ட பாட்டையெல்லாம் பாறேம்மாக்கல் மலையாளத்தில் 'வர்த்தமானப் புஸ்தகம்' என்ற நூலாக எழுதி வைத்தார். இந்திய மொழிகளில் எழுதப்பட்ட முதல் பயண நூல் என்று அது போற்றப்படுகிறது. கையெழுத்துப் பிரதியாகவே இருந்த அந்நூல் 1936இல்தான் அச்சேறியது. கோவாவில் புதைக்கப்பட்ட நண்பரின் எலும்புகள் 175 ஆண்டுகளுக்குப் பின், 1961இல், சொந்த மண்ணுக்குக் கொண்டுவரப்பட்டன.

இது நமக்கு எப்படிச் சொந்தம்?

'இது மலையாளச் சகோதரர்களின் கதை, நமக்கென்ன?' என்று சிலர் கேட்கலாம். நம் பங்கில் உறுதிபூசுதல் நடக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். ஆயர் வருகிறார். பிள்ளைகளிடம் தமிழில் கேள்வி கேட்கிறார். தயங்கி நிற்கும் சிறுவனைத் தட்டிக்கொடுத்து, "பயப்படாதே, சொல்லு" என்கிறார். பாட்டி ஒருவர் மோதிரத்தை முத்தமிட்டுத் தன் குறையைத் தன் சொந்த வார்த்தையிலேயே சொல்கிறார். இதில் அதிசயம் ஒன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை.

ஆனால் இது எளிதில் வந்ததல்ல. காரியாட்டிலுக்குப் பின் சீரோ மலபார் மக்களுக்குத் தங்கள் இனத்து ஆயர்கள் கிடைத்தது 1896ஆம் ஆண்டில்தான், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ காலத்தில். தமிழகத்தில், இலத்தீன் வழிபாட்டு முறையில் நவீன காலத்தின் முதல் இந்திய ஆயராக திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை தூத்துக்குடிக்கு வந்தது 1923இல். விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில் பிரெஞ்சு மிஷனரி ஆயர்களுக்குப் பின், மேதகு அம்புரோஸ் இராயப்பன் ஆண்டகை பொறுப்பேற்றது 1955இல். இன்று நம் பங்குகளில் இருக்கும் வயதானவர்கள் சிலர் அந்த மாற்றத்தைக் கண்ணால் கண்டவர்கள்.

மிஷனரிகள் நமக்குச் செய்த நன்மைகளை இதனால் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. வயலிலும் வெயிலிலும் நம் முன்னோரோடு நடந்து, இந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். ஆனால் தன் பிள்ளை தன் மொழியில் செபிப்பதைக் கேட்க விரும்பாத தாய் உண்டா? திருச்சபையும் தாய்தானே. அந்தத் தாயிடம் போய், "அம்மா, எங்கள் குரலையும் கேளுங்கள்" என்று முதலில் சொன்னவர்களில் இந்த இரு நண்பர்களும் அடங்குவர். அவர்கள் அவமானத்தையும் தாமதத்தையும் சகித்தார்கள். ஆனால் தாயை விட்டுப் போய்விடவில்லை.

சிந்திப்போம்

திருத்தூதர் பவுல் முதல்முறை உரோமைக்குச் சென்றதும் தனியாக அல்ல. கைதியாகக் கப்பலேறிய அவரோடு அரிஸ்தர்க்கு இருந்தார் (தி.ப. 27:2). உரோமையை நெருங்கியபோது, அங்கிருந்த சகோதரர்கள் வெகுதூரம் நடந்து அவரை எதிர்கொள்ள வந்தார்கள். அவர்களைக் கண்டபோதுதான் பவுல் கடவுளுக்கு நன்றி கூறித் துணிவு கொண்டார் என்று வாசிக்கிறோம் (தி.ப. 28:15). கப்பல் உடைந்தபோதும் கலங்காத பவுலுக்கே நண்பர்களின் முகம் தேவைப்பட்டது என்றால், நமக்குச் சொல்ல வேண்டுமா?

ஆகவே, உரோமைக்கோ, வேளாங்கண்ணிக்கோ, எந்தத் திருத்தலத்துக்கோ அடுத்த முறை நாம் புறப்படும்போது சிலவற்றைச் செய்யலாம். ஏற்கெனவே போய் வந்தவர், புதிதாக வருபவரின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லட்டும். காரியாட்டில் அதைத்தான் செய்தார். கிளம்பும் முன், போக முடியாதவர்களின் வீடுகளுக்கு ஒரு நடை போய் வருவோம். படுக்கையில் இருப்பவர், பயணச்செலவுக்கு வழியில்லாதவர், மனக்கசப்பினால் கோவிலுக்கு வராமல் இருப்பவர் ஆகியோரின் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வோம். முக்கியமாக, பிரிந்து நிற்கும் அண்ணன் தம்பிகளின் பெயரை மறக்காமல் எழுதிக்கொள்வோம். திரும்பி வந்ததும் செபமாலையைக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், "உங்களுக்காக இந்த இடத்தில் முழந்தாளிட்டேன்" என்று அவர்களிடம் போய்ச் சொல்வோம்.

நம்மோடு பயணம் செய்த நண்பர் ஒருவேளை இன்று நம்மோடு இல்லாமல் இருக்கலாம். சேர்ந்து நவநாள் செபித்தவர், சேர்ந்து அன்பியம் நடத்தியவர், பாதி வழியில் இறைவனிடம் போயிருக்கலாம். அவர் நம் கையில் விட்டுச் சென்ற மோதிரம் எது? அவர் ஆரம்பித்து முடிக்காமல் போன நற்செயல் எது? அதை எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேருவது நம் பொறுப்பு. பாறேம்மாக்கல் அப்படித்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்.

எம்மாவு வழியில் சோர்ந்து நடந்த இரு நண்பர்களோடு மூன்றாம் ஆளாக நடந்த ஆண்டவரே, எங்கள் பயணங்களில் நல்ல துணையைத் தாரும். பிறருடைய விண்ணப்பத்தைச் சுமக்கும் மனத்தைத் தாரும். பிரிந்திருப்போர் ஒன்றாகும் நாளை நாங்கள் காணச் செய்யும். ஆமென்.